ஐந்து பெட்டிக்கும் ஒரே குரல்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், வாழைச்சேனையையும் மாங்கேணியையும் கடந்து வடக்கே சென்றால், வாகரையை அடையுமுன் பனிச்சங்கேணி என்னும் சிற்றூர் வருகிறது. பெயரிலேயே பனிச்சை மரமும் கேணியும் அமைந்த ஊர். ஒரு புறம் கடல். மறு புறம் கண்டல் மரங்கள் கரைகட்டி நிற்கும் களப்பு. இடையே ஒரு பாலம். அவ்வூரில் ஒரு வீட்டிலே சில வாரங்களுக்கு முன்னர் நிகழ்ந்த சிறு சம்பவமே இவ்வாரக் கட்டுரைக்குக் காரணமாயிற்று.

அவ்வீட்டு இளைஞர் கத்தாரிலே தொழில் செய்பவர், விடுமுறையில் வந்திருந்தார். அவருடைய தந்தையார் அப்பகுதியிலே கூத்துப் பழக்கிய அண்ணாவியார். அவர் காலமான பின்னர், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது, வீட்டோடு அவருடைய மத்தளமும் கூத்துக் கொப்பிகளும் போய்விட்டன. வாழைச்சேனையில் உறவினர் ஒருவர் இரவலாக வாங்கி வைத்திருந்த ஒரே ஒரு கசெற் மட்டும் தப்பியது. களரியிலே அண்ணாவியார் பாடியதை யாரோ ஒருவர் ஒரு சிறு ரேப் றெக்கோடரில் பதிவு செய்த கசெற் அது. அதைக் கணினியில் ஏற்றி, தந்தையாரின் ஆண்டுத் திவசத்தன்று வீடு முழுவதும் ஒலிக்கச் செய்து தாயாருக்குக் கேட்பிக்க வேண்டும் என்பது மகனுடைய ஆசை.

அதற்காக அவர் மூன்று ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து ஒரு சூழொலி அமைப்பைச் சேகரித்திருந்தார். முதலாம் ஆண்டு முன்புறத்துக்கு இரண்டு நல்ல ஒலிபெருக்கிப் பெட்டிகளும் ஒரு ரிசீவரும். இரண்டாம் ஆண்டு, விலை குறைத்து விற்ற இடத்திலே, வேறொரு நிறுவனத்தின் நடுப் பெட்டி. மூன்றாம் ஆண்டு, ஊர் திரும்பிய நண்பர் விட்டுச் சென்ற இரண்டு சிறு பெட்டிகளும் ஒரு சப்வூபரும். எல்லாவற்றையும் கட்டி முடித்து, தாயாரைக் கதிரையில் அமரச் செய்து, பாட்டைப் போட்டார்.

தாயார் இறுதிவரை கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: “மனே, சத்தம் நல்லா இருக்கு. ஆனா, இது உன்ட அப்பாட குரல் இல்ல.”

அந்த வார்த்தை மகனை எவ்வளவு வருத்தியிருக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. பணத்தைக் கொட்டினார், பெட்டிகளை அடுக்கினார், தந்தையின் குரலோ மாறிப்போய்விட்டது. கசெற் பழுதா? கணினியில் ஏற்றியது பிழையா? நம்மை அழைத்துக் காட்டியபோது, இரண்டும் அல்ல என்பது புலப்பட்டது. பெட்டிகள் ஒன்றுக்கொன்று இனம் சேரவில்லை என்பதே காரணம். சூழொலி அமைப்பு வாங்க எண்ணும் குடும்பங்கள் பலவும் செய்யக்கூடிய தவறு இது. ஆகவே, இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

இனம் சேர்தல் என்றால் என்ன?

வீணையில் ஒரு சுருதியை மீட்டி, அதே சுருதியைப் புல்லாங்குழலில் ஊதினால், இரண்டும் ஒரே உயரத்தில் ஒலிக்கின்றன; ஆயினும் எது வீணை, எது குழல் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுகிறோம். அடிப்படைச் சுருதியோடு கூடவே எழும் மேற்சுருதிகள் ஒவ்வொரு கருவியிலும் வெவ்வேறு அளவில் கலந்திருப்பதே இதற்குக் காரணம். இதனை ஒலியின் நிறம் எனலாம். மட்டக்களப்பு மண்ணுக்கு இது புதிய விஷயமன்று. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள், விஞ்ஞானமும் கணிதமும் கற்றவர். அந்த அறிவைக் கொண்டே பழந்தமிழர் யாழின் நரம்புகளையும் சுருதிக் கணக்கையும் ஆராய்ந்து, 1947இல் ‘யாழ் நூல்’ என்னும் பெருநூலைத் தந்தார். இசை செவிக்கு இன்பம் தருவது மட்டுமன்று, அளந்தறியத் தக்கதும் ஆகும் என்பதற்கு அந்நூலே சான்று.

கருவிகளுக்கு நிறம் இருப்பது போலவே ஒலிபெருக்கிகளுக்கும் நிறம் உண்டு. உண்மையில் ஒலிபெருக்கிக்கு நிறமே இருத்தலாகாது. கொடுத்ததை அப்படியே சொல்வதுதான் அதன் கடமை. ஆனால் முற்றிலும் நிறமற்ற பெட்டி உலகில் இல்லை. கூம்பு காகிதமா பிளாஸ்டிக்கா, உச்ச ஒலியைத் தரும் ட்வீட்டர் பட்டுத் துணியா உலோகமா, பெட்டியின் பலகை எத்தனை தடிப்பு, உள்ளே ஒலியைப் பிரித்து அனுப்பும் சுற்று எவ்வகை என்பவற்றைப் பொறுத்து ஒவ்வொன்றும் தன் சாயலைச் சிறிது சேர்த்தே பேசுகிறது. ஒரே சாயலுள்ள இரண்டு பெட்டிகளுக்கு நடுவே அமர்ந்தால், செவி விரைவில் அச்சாயலை மறந்துவிடும். பாட்டு மட்டுமே நிற்கும். சாயல் வேறுபட்ட பெட்டிகளுக்கு நடுவே அமர்ந்தால், செவி ஒவ்வொரு கணமும் பெட்டிகளையே கேட்டுக்கொண்டிருக்கும். இடப்புறம் ஒருவராகப் பாடத் தொடங்கியவர் நடுவுக்கு வரும்போது வேறொருவராகி, பின்னால் போகும்போது மூன்றாமவராகி விடுவார்.

பனிச்சங்கேணி வீட்டிலே நிகழ்ந்ததும் இதுவே. ஒரே ஒலிவாங்கியால் பதிவான குரல், இடம் வலம் இரண்டிலும் சமமாகவே இருக்கும். சூழொலி முறையில் வைத்த ரிசீவர், இரண்டிலும் சமமாக வரும் ஒலியை ‘இது நடுவுக்குரியது’ என்று கொண்டு, அதனை நடுப் பெட்டிக்கே அனுப்பிவிடுகிறது. ஆகவே, அண்ணாவியாரின் குரல் முழுவதும் பேச வாய்த்தது, விலை குறைத்து வாங்கிய அந்த ஒரு சிறு பெட்டியின் வாயினால். அப்பெட்டியோ மூக்கால் பேசும் இயல்புடையது. நல்ல பெட்டிகள் இரண்டும் இரு புறமும் ஏறக்குறைய வாய் மூடி நின்றன. தாயார் சொன்னது உண்மை. அது அவருடைய கணவரின் குரல் அன்று.

வட்டக்களரியும் சூழொலியும்

சூழொலி என்பது மேல்நாட்டார் கண்ட புதுமை என்று நினைக்கிறோம். ஒலியும் வட்டமும் சேர்ந்த அனுபவம் நமக்குப் பழையதே. மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் வட்டக்களரியிலே ஆடப்படுவன. நடுவே அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார்; தாளக்காரரும் பிற்பாட்டுக்காரரும் உடன் நிற்பர்; கூத்தர் சுற்றி ஆடுவர்; சனங்கள் நாற்புறமும் அமர்ந்து பார்ப்பர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துகளை மேடையேற்றியபோது, களரிக்குரிய கலையை ஒரு புறம் மட்டும் திறந்த மேடைக்கு ஏற்றவாறு அமைக்க வேண்டியிருந்தது என்பதும் நினைவுகூரத் தக்கது.

வட்டக்களரியில் ஒலி நடுவிலும் கேட்போர் சுற்றிலும் இருக்கின்றனர். சூழொலியில் கேட்போர் நடுவிலும் ஒலி சுற்றிலும் இருக்கின்றன. இம்மாற்றத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஆங்கிலப் பொறியியலாளர் அலன் புளூம்லைன், மனைவியோடு படம் பார்க்கச் சென்றபோது, நடிகர் திரையின் ஒரு புறத்தில் நிற்க அவர் குரல் மறு புறத்திலிருந்து வருவதைக் கண்டு அதற்கு வழி தேட முனைந்தார் என்று சொல்வர். 1931இல் இரு வழி ஒலிப்பதிவுக்கு அவர் காப்புரிமை கோரினார். 1940இல் வெளிவந்த வோல்ட் டிஸ்னியின் ‘பன்டேசியா’ சில அரங்குகளிலே பல வழி ஒலியோடு காட்டப்பட்டது. தமிழ்த் திரையில் 1978இல் வெளியான ‘பிரியா’வின் பாடல்களே முதன்முதலாக இரு வழி முறையில் பதிவானவை என்பர். 1995இல் வந்த ‘குருதிப்புனல்’ டொல்பி சூழொலி முறையைத் தமிழுக்குக் கொணர்ந்த படமாகப் பேசப்படுகிறது.

இவ்வரலாற்றிலிருந்து வாங்குவோர் அறிய வேண்டிய பாடம் ஒன்று உண்டு. நம் வீடுகளில் விரும்பிக் கேட்கப்படும் பழைய பாடல்களுள் மிகப் பல ஒரு வழியில் பதிவானவை; பிந்திய பாடல்கள் இரு வழியில் பதிவானவை. ஐந்து வழிக்கென்றே அமைந்தவை பெரும்பாலும் திரைப்படங்களே. ஆகவே, பாட்டுக் கேட்பதே முதல் நோக்கமான குடும்பம், முன்புற இரண்டு பெட்டிகளுக்கே பெரும் பங்கு பணத்தை ஒதுக்குதல் வேண்டும். மற்றவை அவற்றைப் பின்பற்றி வர வேண்டியவை.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலாவது, முன்புற மூவர். இடம், நடு, வலம் ஆகிய மூன்றும் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையைச் சேர்ந்தனவாக இருத்தல் வேண்டும். மூன்றும் ஒரே மாதிரிப் பெட்டிகளாகவே இருப்பது எல்லாவற்றிலும் மேல். அதற்கு இடமில்லையாயின், அந்த வரிசைக்கென்றே நிறுவனம் செய்த நடுப் பெட்டியை வாங்குக. ஒரே நிறுவனத்தின் பெயர் மட்டும் போதாது. ஒரே நிறுவனம் மலிவு வரிசை, நடுத்தர வரிசை, உயர்ந்த வரிசை என்று பலவற்றை விற்கும். அவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாயினும் குரல் ஒன்றாக இருப்பதில்லை. ட்வீட்டர் ஒரே வகையா என்று கேட்டறிவது நல்ல அடையாளம்.

நடுப் பெட்டியைப் படுக்கை வாட்டில் செய்து, நடுவில் ட்வீட்டரும் இரு பக்கத்தில் இரு கூம்புகளும் வைப்பது வழக்கம். நேரே அமர்ந்தவருக்கு அது நன்றாகக் கேட்கும். பக்கத்தில் அமர்ந்தவருக்கு, இரு கூம்புகளின் ஒலியும் ஒன்றையொன்று வெட்டிச் சில சொற்கள் மங்கும். பெரிய குடும்பம் வரிசையாக அமர்ந்து பார்க்கும் வீட்டினர் இதனைக் கவனிப்பாராக. திரைப்படத்தில் பேச்சு முழுவதும் நடுப் பெட்டியினூடாகவே வருகிறது. செவிப்புலன் குறைந்த பெரியோர் உள்ள வீட்டில் இது அழகுக்கான விஷயமன்று. படம் அவர்களுக்கு விளங்குமா விளங்காதா என்பதே இதனால்தான் தீரும்.

இரண்டாவது, பின்புற இருவர். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த முறைப்படி, முன்புறப் பெட்டிகள் கேட்பவரின் நேர் நோக்கிலிருந்து 30 பாகை இடமும் 30 பாகை வலமும் இருக்க வேண்டும்; அதாவது இரு பெட்டிகளும் கேட்பவரும் ஒரு சமபக்க முக்கோணமாக அமைதல் வேண்டும். சூழ்பெட்டிகள் 100 முதல் 120 பாகை வரையில், காதுக்குச் சற்றுப் பின்னே அமைதல் வேண்டும். இவை முன்புறப் பெட்டிகளைவிடச் சிறியனவாக இருக்கலாம். ஆனால் அதே வரிசையின் சிறிய பெட்டிகளாக இருப்பது நலம். உருவம் சிறுத்தாலும் குரல் மாறாதிருக்க வேண்டும் என்பதே கருத்து.

மூன்றாவது, இரண்டு எண்கள். பெட்டியின் பின்புறத்திலோ கைந்நூலிலோ ‘உணர்திறன்’ என்று டெசிபெல் கணக்கில் ஓர் எண்ணும், ‘தடை’ என்று ஓம் கணக்கில் ஓர் எண்ணும் இருக்கும். 1 வற்று வலு கொடுத்து 1 மீற்றர் தூரத்தில் எவ்வளவு உரத்து ஒலிக்கிறது என்பதே முதலாவது எண். ஒரு பெட்டி 87, மற்றொன்று 92 என்றால், வேறுபாடு ஐந்துதானே என்று எண்ணற்க. மூன்று டெசிபெலுக்கு வலு இரு மடங்காக வேண்டும். ஐந்து டெசிபெலுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு. அத்தனை வலுவை மெலிந்த பெட்டிக்குக் கொடுத்தால்தான் இரண்டும் சமமாகப் பேசும். தடையின் எண் 8 ஓம் ஆனால் அம்பிளிபயருக்கு இலகு. 4 ஓம் ஆனால் அதே மின்னழுத்தத்தில் இரு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். மலிவான ரிசீவர் சூடேறி நின்றுவிடுவதற்கு இது ஒரு காரணம். ரிசீவர் எத்தனை ஓமுக்கு உரியது என்பதைக் கைந்நூலிற் பார்த்தே பெட்டி வாங்குக.

“ரிசீவரோடு ஒரு சிறு ஒலிவாங்கி தருகிறார்களே, அது அளந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடாதா?” என்று இளைஞர் கேட்டார். நியாயமான கேள்வி. அக்கருவி உரப்பைச் சமப்படுத்தும், தூரத்தையும் கணக்கிடும். ஒலி காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 345 மீற்றர் செல்வதால், ஒரு மீற்றர் அதிக தூரத்திலுள்ள பெட்டியின் ஒலி வினாடியில் ஆயிரத்தில் மூன்று பங்கு பிந்தி வரும். அதனை ஈடுசெய்ய அது அறியும். நிறத்தையும் ஓரளவு திருத்தும். ஆனால் பெட்டி தன் முன்னே மட்டும் ஒலியைச் செலுத்துவதில்லை. பக்கத்துக்கும் மேலுக்கும் செலுத்தி, சுவரில் பட்ட ஒலியையும் நமக்கு அனுப்புகிறது. அப்படி ஒலியைப் பரப்பும் விதம் பெட்டிக்குப் பெட்டி வேறு. அதனை எந்த ரிசீவராலும் மாற்ற முடியாது.

விலக்குப் பெற்றது ஒன்று

இனம் சேர வேண்டும் என்னும் இவ்விதிக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அது சப்வூபர். கீழ் ஒலிகளைத் தருவதற்கென்றே உள்ள பெட்டி அது. வழக்கமாக 80 ஹேர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்டவற்றையே அதற்கு ஒதுக்குவர். 80 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 4 மீற்றருக்கும் மேல். அத்தனை நீண்ட அலை எங்கிருந்து வருகிறது என்பதை, ஒரு சாணுக்கும் குறைந்த இடைவெளியிலுள்ள நம் இரு செவிகளால் எளிதில் உணர முடியாது.

திசை தெரியாத ஒலியை மட்டக்களப்பு மக்கள் நன்கு அறிவர். கல்லடிப் பாலத்தருகே வாவியில் எழும் ‘பாடும் மீன்’ ஓசையைப் பற்றி, எமர்சன் டெனன்ற் 1859இல் வெளியிட்ட தம் இலங்கை நூலில் எழுதினார். புனித மிக்கேல் கல்லூரியோடு தொடர்புடைய யேசு சபைத் துறவி லாங் அடிகளார் 1950களில் அதைப் பதிவு செய்ய, இலங்கை வானொலி ஒலிபரப்பியது. தோணியிலிருந்து துடுப்பை நீரில் இறக்கி, அதன் மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது பழைய வழக்கம். நீரினுள் ஒலி காற்றிலும் நான்கு மடங்குக்கு மேல் வேகமாகச் செல்கிறது. துடுப்பு ஒன்றின் வழியே ஒரு செவியால் கேட்பவர், பாட்டு எப்பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல மாட்டார். கீழ் ஒலியும் அறையினுள் அத்தகையதே.

ஆதலால், சப்வூபர் வேறு நிறுவனத்தினதாக இருந்தாலும் குற்றமில்லை. அதை எங்கே வைப்பது என்பதே முக்கியம். மூலையில் வைத்தால் ஒலி பெருகும். ஆனால் ஒரே சுருதி மட்டும் உறுமும். இதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. சப்வூபரை நீங்கள் வழக்கமாக அமரும் கதிரையின் இடத்தில் வைத்து, கீழ் ஒலி நிறைந்த ஒரு பாட்டை ஓட விட்டு, அறையின் ஓரமாக மெல்லக் குனிந்து நடந்து பாருங்கள். மத்தள ஒலி எங்கே தெளிவாகவும் சமமாகவும் கேட்கிறதோ, அதுவே சப்வூபர் இருக்க வேண்டிய இடம். இன்னுமொன்று: கீழ் ஒலி சுவரைக் கடந்து செல்லும். அடுத்த வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால், இரவில் அதன் குமிழைத் தணித்து வைப்பதும் நற்பண்பே.

வீடும் காற்றும்

நம் கிழக்குக் கரை வீடுகளில் சீமெந்துத் தரையும், வெறும் சுவர்களும் மிகுதி. கை தட்டிப் பாருங்கள்; எதிரொலி ‘ணங்’ என்று திரும்பினால், எத்தனை நல்ல பெட்டியும் அங்கே கூவும். இதற்காகப் பெரும் பணம் செலவிட வேண்டியதில்லை. தரையில் பன்பாய், சன்னல்களுக்கு மருதமுனைக் கைத்தறி போன்ற கனத்த துணியில் திரைச்சீலை, பின் சுவரில் புத்தக அலுமாரி. இவை போதும். பெட்டியை இரும்பு அலுமாரியின் தலையில் ஏற்றி வைக்கும் வழக்கத்தைக் கைவிடுக. ட்வீட்டர், அமர்ந்திருப்பவரின் காது மட்டத்தில் இருத்தல் வேண்டும். கதிரையில் அமரும் வீட்டுக்கு ஓர் உயரம். பாயில் அமரும் வீட்டுக்கு வேறோர் உயரம்.

கடற்காற்று மற்றொரு சோதனை. கூம்பின் விளிம்பைச் சுற்றியுள்ள வளையம், சில பெட்டிகளில் நுரைப்பஞ்சாலும் சிலவற்றில் இறப்பராலும் ஆனது. நுரைப்பஞ்சு ஈரக்காற்றில் ஆண்டுகள் செல்லச் செல்லப் பொடிந்து உதிரும். இறப்பர் நெடுங்காலம் நிற்கும். ஆகவே கரையோர வீட்டார் இறப்பர் வளையத்தையே கேட்டு வாங்குக. பழைய பெட்டி வாங்குவோர் அவ்வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்த பின்னரே பணம் கொடுக்க. அமுக்கிய மரத்தூள் பலகையால் ஆன பெட்டி ஈரத்தில் ஊதும். தரையில் வைக்காமல் தாங்கியில் வைக்க. கம்பி முனைகளில் உப்புப் பூத்துப் பச்சை படரும். ஆண்டுக்கொருமுறை சுரண்டித் துடைத்து மீண்டும் முறுக்குக. இடிமுழக்கம் கேட்டதும் ஆளியை நிறுத்துவது மட்டும் போதாது, செருகியையே கழற்றிவிடுக.

கடையிலே செய்ய வேண்டிய சோதனை

கடைக்காரர் தாம் வைத்திருக்கும் பாட்டையே போட்டுக் காட்டுவார். அது எந்தப் பெட்டியிலும் நன்றாகக் கேட்கும்படி தேர்ந்த பாட்டு. வெடியும் முழக்கமும் நிறைந்தது. அதை நம்பி வாங்குதல் தகாது. உங்களுக்கு நன்கு பழகிய மனிதக் குரல் ஒன்றைக் கொண்டு செல்லுங்கள். தாயின் பேச்சாகலாம், ஆசிரியரின் பாடமாகலாம், சிறுவயதிலிருந்து கேட்டுவரும் பாடகரின் குரலாகலாம். ஒவ்வொரு பெட்டியிலும் அதனை மட்டும் தனித்தனியே போடச் சொல்லிக் கேளுங்கள். எல்லாப் பெட்டியிலும் அதே ஆள் பேசினால், அவை இனம் சேர்ந்தவை. வீட்டிலும், ரிசீவர் ஒவ்வொரு பெட்டிக்கும் முறையே அனுப்பும் சோதனை ஒலியைக் கவனியுங்கள். கூரையில் மழை பெய்வது போன்ற அந்த இரைச்சல், பெட்டிக்குப் பெட்டி வேறு மழையாகக் கேட்டால், பொருத்தம் இல்லை என்பது தெளிவு.

பணம் போதாதவர் என்ன செய்வது? ஐந்து மலிவுப் பெட்டி வாங்குவதை விட்டு, இரண்டு நல்ல பெட்டி வாங்குக. மிகுதியை அதே வரிசையில், அந்த வரிசை விற்பனையில் இருக்கும் காலத்துக்குள்ளேயே சேர்த்துக்கொள்ளுக. நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்கொருமுறை வரிசையை மாற்றிவிடுகின்றன. பிந்தினால் இணை கிடைக்காது. இரண்டோடு நிற்பதிலும் குறையொன்றுமில்லை. நடுப் பெட்டியே இல்லையென்று ரிசீவரிடம் சொல்லிவிட்டால், நடுவுக்குரிய ஒலியை அது இடத்துக்கும் வலத்துக்கும் பகிர்ந்து கொடுக்கும். பொருந்தாத நடுப் பெட்டியைவிட இல்லாத நடுப் பெட்டியே மேல்.

பனிச்சங்கேணியில் நாம் செய்தது இதுவே. நடுப் பெட்டியையும் சூழ்பெட்டிகளையும் கழற்றி வைத்தோம். முன்புற இரண்டு மட்டும் பாடின. அப்போதும் குரல் ஓரிடத்தில் நில்லாமல் அறையெங்கும் சிதறி, மத்தளம் மெலிந்து கேட்டது. பின்னால் சென்று பார்த்தால், வலப் பெட்டியில் சிவப்பு முனையில் கறுப்புக் கம்பியும் கறுப்பு முனையில் சிவப்புக் கம்பியும் மாறிக் கிடந்தன. ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போய், இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துக்கொண்டிருந்தன. கம்பிகளை மாற்றிக் கட்டி, இரு பெட்டிகளையும் கதிரையை நோக்கிச் சற்றுத் திருப்பி வைத்து, மீண்டும் தொடங்கினோம்.

இரு பெட்டிகளும் ஒரே குரலில் பேசும்போது ஓர் அதிசயம் நிகழும். ஒலி, பெட்டி இருக்கும் இடங்களை விட்டு நீங்கி, இரண்டுக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத இடத்தில் வந்து நிற்கும். இரு செவிக்கும் ஒரே ஒலி ஒரே கணத்தில் எட்டுவதால் மூளை கொள்ளும் முடிவு அது. மத்தளம் எழுந்தது; பின்னர் குரல் எழுந்தது. பழைய கசெற்றின் இரைச்சல் இருந்தது. களரியில் யாரோ இருமியதும் கேட்டது. தாயார் இடத்தையோ வலத்தையோ பார்க்கவில்லை. நடுவே இருந்த வெறும் சுவரைப் பார்த்தபடியே இருந்தார். பாட்டு முடிந்தபின் மகனிடம், “இன்னொருக்காப் போடு மனே” என்று மட்டும் சொன்னார்.

விடுமுறை முடிந்து இளைஞர் புறப்பட்டுவிட்டார். நடுப் பெட்டி இப்போது அலுமாரிக்குள் இருக்கிறது. முன்புறப் பெட்டிகளின் வரிசைப் பெயரையும் இலக்கத்தையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதித் தம் பணப்பையில் வைத்துச் சென்றிருக்கிறார். பெட்டி வாங்க எண்ணும் வாசகர்கள் கடைக்குக் கொண்டு செல்ல வேண்டியவையும் இவை இரண்டே: பழகிய குரல் ஒன்று, அத்தகைய கடதாசித் துண்டு ஒன்று.